ஓடுபாதையைச் சுற்றியுள்ள நிலம்

மலாக்கா நகருக்கு வடக்கே, பத்து பெரண்டாமில், 2,135 மீட்டர் நீளத்தில் ஓர் ஓடுபாதை இருக்கிறது. அதன் அக்கம்பக்கத்திலேயே தடையற்ற வாணிப மண்டலம். 1973இல் சீமென்ஸ் அங்கே தொடங்கிய ஆலைதான் இன்றைய இன்ஃபினியன். நேஷனல் செமிகண்டக்டர் நடத்திவந்த ஆலை 2011இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கைக்கு வந்தது. 1990இல் நிறுவப்பட்ட சி.டி.ஆர்.எம். நிறுவனம் ஏர்பஸ் விமானங்களுக்கான இறக்கைப் பாகங்களைச் செய்து அனுப்புவதும் இதே வட்டாரத்திலிருந்துதான். விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டிய சரக்கும், விமானத்துக்கே பொருத்த வேண்டிய உறுப்பும் ஓடுபாதையின் ஓரத்திலேயே தயாராகின்றன. அந்த ஓடுபாதையில் வழக்கமாக ஏறி இறங்குபவையோ பயிற்சி விமானங்கள். பெக்கான்பாருவுக்கும் பினாங்குக்கும் விடப்பட்ட பயணிகள் சேவைகள் தொடங்குவதும் நிற்பதுமாகவே இருந்துவந்துள்ளன.

பத்து பெரண்டாமில் செய்த சிப் எப்படி வெளிநாடு போகிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். சிப் எடை குறைந்தது, விலை மிகுந்தது. வாடிக்கையாளருக்குக் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தாக வேண்டியது. அதனால் கப்பலுக்குக் காத்திராமல் விமானத்தில்தான் போகும். ஆலையில் பெட்டி கட்டி, லோரியில் ஏற்றி, கதவுக்கு முத்திரை வைக்கிறார்கள். சுங்கத்துறைப் படிவம் தயாராகிறது. ஆயர் குரோ டோல் சாவடியைக் கடந்து, வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் நீலாய் வரை போய், அங்கிருந்து திரும்பினால் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் இருக்கும் சிப்பாங். ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். அங்கேதான் கிடங்கு, ஃபார்வர்டிங் ஏஜெண்ட், எடைச் சீட்டு, காப்புறுதி, விமான நிறுவனத்தின் சரக்குப் பிரிவு எல்லாம். ஆலைக் கூலி மலாக்காவில் தங்குகிறது. அதன்பின் அந்தப் பெட்டிக்காகச் செலவாகும் ஒவ்வொரு வெள்ளியும் சிப்பாங்கில் இறங்குகிறது.

ஒரு விமான நிலையத்தை வணிக மையமாக வளர்ப்பது என்றால் நடைமுறையில் இந்தச் செலவையெல்லாம் தன் பக்கம் ஈர்ப்பதுதான். விமானம் இறங்கும் கட்டணம், பயணிக் கட்டணம் ஆகியவை ஒரு பக்கத்து வருமானம். கடை வாடகை, கிடங்குக் குத்தகை, வாகன நிறுத்துமிடம், ஹோட்டல், அலுவலகக் கட்டடம் ஆகியவை மறுபக்கம். உலக விமான நிலையங்களின் மொத்த வருமானத்தில் இந்த இரண்டாம் வகை ஏறத்தாழ நாற்பது விழுக்காடு. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கசார்டா இதை ஒரு நகர்க் கோட்பாடாகவே வளர்த்தார்: பழைய நகரம் துறைமுகத்தைச் சுற்றியும் இரயில் நிலையத்தைச் சுற்றியும் எழுந்ததுபோல், புதிய நகரம் விமான நிலையத்தைச் சுற்றி எழும் என்பது அவர் வாதம். வாதத்தின் சரி தவறு ஒருபுறம் இருக்கட்டும். அதன் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த இரண்டாம் வகை வருமானத்துக்கு மூலம் நிலம். நிலம் யாருடையது, யாரிடமிருந்து வந்தது, யார் அதில் குடியிருந்தார்கள் என்ற கேள்விகளை விட்டுவிட்டு விமான நிலைய நகரத்தைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு.

மலேசியாவில் அந்தக் கேள்விகளுக்குப் பதில் தோட்டத்தில் கிடைக்கிறது.

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் (கேஎல்ஐஏ) 1998 ஜூன் 27 அன்று திறப்பு விழா கண்டது. அதற்கு ஒதுக்கிய நிலம் 100 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 25,000 ஏக்கர். ஓடுபாதைக்கும் முனையங்களுக்கும் இவ்வளவு நிலம் தேவையில்லை. தொடக்கத்திலேயே எதிர்கால வளர்ச்சிக்கென்று சேர்த்து வைத்த நிலம் அது. கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு என்று வடிவமைத்தார். ஆனால் சிப்பாங்கில் அன்று இருந்ததில் பெரும்பகுதி காடன்று. ரப்பரும் செம்பனையும் நட்டு, நிரை பிடித்து, லயம் கட்டி, கோயில் எழுப்பி மனிதர் வாழ்ந்த தோட்டங்கள். 2006இல் மலிவுக் கட்டண முனையம் வந்தது. 2014 மே மாதம் கேஎல்ஐஏ2 வந்தது, அத்தோடு மூன்றாவது ஓடுபாதையும். 2015இல் மிட்சுய் அவுட்லெட் பார்க் திறந்தது. 2017இல் மின்வணிகத் தடையற்ற மண்டலம் அறிவிக்கப்பட்டது. அலிபாபா குழுமத்தின் சைனியாவும் மலேசியா ஏர்போர்ட்ஸும் சேர்ந்து 60 ஏக்கரில் கட்டிய சரக்கு மையம் 2020 நவம்பரில் இயங்கத் தொடங்கியது. இவை யாவும் கேஎல்ஐஏ ஏரோபோலிஸ் என்ற ஒரே திட்டத்தின் கீழ் வருகின்றன. 2019இல் இந்த நிலையத்தைப் பயன்படுத்திய பயணிகள் 6 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். 2024இல் அரசாங்கத்துடன் கையெழுத்தான ஒப்பந்தம், நிலையத்தை நடத்தும் மலேசியா ஏர்போர்ட்ஸின் உரிமையை 2069 வரை நீட்டியிருக்கிறது.

2069 வரை என்றால் இன்று மலாக்காத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளை நடுவயதைக் கடக்கும் காலம். அவ்வளவு நீண்ட வருமானத்தில் அந்தப் பிள்ளைக்கு என்ன இடம்?

நிலம் கையகப்படுத்தும்போது நடந்ததை முதலில் பார்ப்போம். 1960ஆம் ஆண்டின் நில ஆர்ஜிதச் சட்டப்படி, நிலத்தில் உரிமை உள்ளவருக்கு இழப்பீடு. தோட்ட நிலத்தில் உரிமை தோட்ட நிறுவனத்துடையது. தொழிலாளிக்கு நிலத்திலும் உரிமையில்லை, வீட்டிலும் உரிமையில்லை. பெரட்டில், அதாவது காலை வருகைப் பதிவில், பெயர் இருக்கும்வரை லயத்தில் கூரை இருக்கும். பெயர் போனால் கூரையும் போகும். அவருக்குக் கிடைப்பது 1980ஆம் ஆண்டின் பணிநீக்கச் சலுகை விதிகள் தரும் தொகை: ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி. இருபது ஆண்டு மரம் சீவியவருக்கு 400 நாள் கூலி. ஏறக்குறைய பதின்மூன்று மாதச் சம்பளம்.

இதை வெள்ளியில் போட்டுப் பார்க்கலாம். பல்லாண்டு கோரிக்கைக்குப் பிறகு 2001இல் தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகள் சங்கமும் ஒப்புக்கொண்ட மாதச் சம்பளம் 325 வெள்ளி. அந்தச் சம்பளத்திலேயே கணக்கிட்டால் இருபது ஆண்டு உழைப்புக்கு 4,300 வெள்ளியை ஒட்டிய தொகை. அரசாங்கம் மலிவு விலை வீட்டுக்கு 1998 வரை வைத்திருந்த உச்சவிலை 25,000 வெள்ளி. கணவனும் மனைவியும் இருவரும் தோட்டத்தில் வேலை செய்து, இருவர் தொகையையும் சேர்த்தாலும் வீட்டு விலையில் பாதிகூட வராது. ஒரே நிலத்துக்கு நிறுவனத்துக்கு ஏக்கர் கணக்கில் இழப்பீடு, தொழிலாளிக்கு நாள் கணக்கில் சலுகை. இதில் சட்டம் மீறப்படவில்லை. சட்டமே இப்படித்தான் இருந்தது என்பதுதான் வருத்தம்.

விமான நிலையத்தோடு பிறந்த மல்டிமீடியா பெருவழித் திட்டத்தின் நடுவில் புத்ராஜெயா எழுந்தது. பிராங் பெசார், காலோவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. லயத்து வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்து, பின்னால் மாடும் கோழியும் வளர்த்தவர்கள் மாடிப்படி ஏறினார்கள். சுவரில் விரிசல் விழுந்தது. தரைவீடு கேட்டுப் பல்லாண்டுகள் மனுக் கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கு இடம் விட்டவர்கள் அவர்கள். ஒரு தலைமுறைக்காலம் அவர்களைக் காக்க வைத்ததை நான் சிறிய குறையாக நினைக்க மாட்டேன்.

இதே வட்டாரத்தில் வேறொரு சமூகம் வேறொரு முடிவைப் பெற்றது. டிங்கில் அருகே கம்போங் புக்கிட் தம்போய் தெமுவான் பூர்வகுடியினரின் ஊர். விமான நிலையத்துக்குச் செல்லும் நீலாய்–பந்திங் சாலைக்காக 1995இல் அவர்களுடைய 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. மரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் பணம் கொடுத்தார்கள்; நிலத்துக்கு ஒன்றுமில்லை. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். சாகோங் தாசி வழக்கு என்று அது பெயர் பெற்றது. 2002இல் உயர்நீதிமன்றம், மரபுவழி அனுபவித்துவந்த நிலத்தில் அவர்களுக்கு உடைமை உரிமை உண்டு, நில ஆர்ஜிதச் சட்டப்படி அந்த நிலத்துக்கும் இழப்பீடு தர வேண்டும் என்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2010இல் 65 லட்சம் வெள்ளிக்குத் தீர்வு ஏற்பட்டது. பதினைந்து ஆண்டுப் போராட்டம் அது. விமான நிலையத்தின் பெயரால் எடுத்த நிலம், நாட்டின் நிலச் சட்டத்தையே ஓரடி முன்னே நகர்த்தியது.

தெமுவான் மக்களுக்கு அந்த மண்ணில் மரபுரிமை இருந்தது. தோட்டத் தமிழருக்கு அப்படியோர் உரிமையைச் சட்டம் காணவில்லை. மூன்று தலைமுறை பிறந்து இறந்த இடமும் சட்டத்தின் பார்வையில் வேலையிடம்தான். கோயிலும் சுடுகாடும் தமிழ்ப்பள்ளியும் நிறுவனத்தின் நிலத்தில், அதன் அனுமதியில் நின்றவை.

மலாக்காவுக்கு இந்தக் கதையில் தனிப்பங்கு உண்டு. மலாயாவின் வாணிப ரப்பர் தோட்டம் பிறந்ததே இங்குதான்: டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார், பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் விரித்தார். சைம் டார்பி நிறுவனம் 1910இல் தொடங்கப்பட்டதும் மலாக்காவில்தான், ரப்பர் தோட்டங்களை நிர்வகிப்பதற்காக. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப் ஆகியவற்றோடு இணைந்து பெருநிறுவனமான பிறகு, சிப்பாங்கையும் நீலாயையும் லாபுவையும் சுற்றியுள்ள தோட்ட நிலத்தில் பெரும்பகுதி அதன் வசம் இருந்தது. 2009 ஜனவரியில் ஏர் ஏசியாவும் சைம் டார்பியும் லாபுவில் தனி விமான நிலையம் கட்டப்போவதாக அறிவித்தன. அதே மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் நீலாய் முதல் போர்ட்டிக்சன் வரை மலேசியா விஷன் வேலி என்ற பெருந்திட்டம் அதே தோட்ட நிலங்களை நம்பி வரையப்பட்டது. மலாக்காவில் ரப்பர் மரத்தில் தொடங்கிய நிறுவனத்துக்கு, நூறாண்டு கழித்து விமான நிலையம் நிலமதிப்பைத் தந்தது. அதே மலாக்காவில் அதே மரத்தைச் சீவத் தொடங்கிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அந்த விமான நிலையத்தில் இன்று என்ன செய்கிறார்கள்? பயணப்பெட்டி ஏற்றுகிறார்கள், கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்கள், பாதுகாவலர் சீருடை அணிகிறார்கள், வாடகைக் கார் ஓட்டுகிறார்கள்.

இந்த வேலைகள் எவையும் இழிவானவை அல்ல. ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் பிள்ளைகள் சிப்பாங் போய், அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் வீடு திரும்பிக் குடும்பத்தைத் தாங்குகிறார்கள். ஆனால் ஏரோபோலிஸ் வருமானத்தின் ஏணியில் இவை கீழ்ப்படிகள். மேல்படிகள் மூன்று: நிலம் வைத்திருப்பவர், இடத்தைக் குத்தகைக்கு எடுத்து வியாபாரம் செய்பவர், உரிமம் பெற்ற தொழில்நுட்பர். இம்மூன்றிலும் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் மிகச் சிலர்.

இது நம்மவர்க்கு இயற்கையாக வாய்த்த நிலை என்று எவரும் சொல்ல முடியாது. மலாக்கா பதினைந்தாம் நூற்றாண்டிலேயே ஆசியாவின் மாபெரும் சரக்கு மாற்று மையம். ஒரு பருவக்காற்றில் வந்த கப்பல் மறு பருவக்காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை சரக்கைத் தீயிலிருந்தும் திருட்டிலிருந்தும் காக்கக் கிடங்கு வேண்டும். மலாக்காவில் அவை மண்ணுக்கடியில் கட்டப்பட்டிருந்தன. நான்கு ஷாபந்தர்கள் துறைமுகத்தை நடத்தினார்கள். அவர்களில் ஒருவர் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வருபவர்களைக் கவனித்தார். மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு ஆறு வரி என்று போர்ச்சுகீசியரான தோமே பிரேஸ் எழுதிவைத்திருக்கிறார். தமிழ் வணிகர் நினா சாத்து, கப்பலும் சரக்கும் உடையவர். 1511க்குப் பின் போர்ச்சுகீசியர் ஆட்சியில் பெண்டஹாரா பதவியும் வகித்தார். படையெடுத்து வந்தவர்களோடு அவர் கைகோத்ததைப் பாராட்ட வேண்டியதில்லை. ஆனால் அன்றைய மையத்தில் தமிழர் கிடங்குக்கும் கப்பலுக்கும் உடையவர்களாக இருந்தார்கள். அந்த மரபின் எச்சம்தான் காஜா பெராங்கில் இன்றும் வாழும் மலாக்கா செட்டிகள். பிற்காலத்தில் கப்பலேறி வந்த தோட்டத் தமிழர்கள் உழைப்பை மட்டும் கொண்டுவந்தவர்கள்; வெள்ளைக்காரத் துரைகளின் அமைப்பு அவர்களை உழைப்போடு மட்டுமே வைத்திருந்தது. 1967இல் புக்கிட் அசகான் தொழிலாளர்கள் நியாயம் கேட்டு மலாக்காவிலிருந்து கோலாலம்பூருக்கு நடந்தே போனதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கேட்காமல் இருந்தவர்கள் அல்லர் அவர்கள்.

இனி பத்து பெரண்டாம். இதையும் பெரிய வணிக மையமாக்க வேண்டும் என்ற பேச்சு மாநிலத்தில் அவ்வப்போது எழுகிறது. சிப்பாங் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது மலாக்கா இன்னொரு கேஎல்ஐஏ ஆகப்போவதில்லை என்பது என் முடிவு. முழுச் சுமையோடு ஐரோப்பாவுக்குப் புறப்படும் பெரிய சரக்கு விமானத்துக்கு மூன்று கிலோமீட்டரை ஒட்டிய ஓடுபாதை வேண்டும். சிப்பாங்கில் உள்ளவை நான்கு கிலோமீட்டரை ஒட்டியவை. ஓடுபாதையை நீட்டினாலும் சரக்கு பல ஊர்களிலிருந்து ஓரிடத்தில் குவிந்தால்தான் விமானம் நிறையும். பினாங்கில் 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற மண்டலம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தொடங்கியபோது, அருகில் போட்டிக்குப் பெரிய நிலையம் ஏதும் இல்லை. மலாக்கா வடக்கே சிப்பாங்குக்கும் தெற்கே சாங்கிக்கும் நடுவில் இருக்கிறது.

ஆனால் சிறிய நிலையத்துக்கு வேறு வழி உண்டு. அயர்லாந்தின் ஷானன் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எண்ணெய் நிரப்ப அங்கே இறங்கிவந்தன. ஜெட் விமானங்கள் வந்ததும் இறங்கத் தேவையில்லாமல் போனது. ஊர் அழியும் என்று அஞ்சிய வேளையில், பிரெண்டன் ஓ'ரேகன் முன்னின்று 1959இல் விமான நிலையத்தை ஒட்டித் தடையற்ற மண்டலம் அமைத்தார். அத்தோடு நிற்காமல் தொழிலாளர்களுக்காக ஒரு புதிய நகரத்தையும் கட்டினார்கள். பின்னர் விமானக் குத்தகைத் தொழில் அங்கே வேர்விட்டு உலகெங்கும் பரவியது. விமானம் வந்து போவதைவிட, விமானத்தைச் சார்ந்த அறிவு அங்கே தங்கியது. அதற்கு வேண்டிய ஆலைகள் மலாக்காவில் ஏற்கெனவே இருக்கின்றன.

சி.டி.ஆர்.எம். செய்யும் கூட்டுப்பொருள் பாகம் எப்படி உருவாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிசின் ஊறிய கரியிழைத் துணியை உறைகுளிர் அறையிலிருந்து எடுத்து, தூசி புகாத கூடத்தில், அச்சின்மேல் அடுக்கடுக்காக விரிக்கிறார்கள். ஒவ்வோர் அடுக்கும் குறித்த திசையில் படிய வேண்டும். இடையே காற்றுக் குமிழோ மடிப்போ இருக்கக் கூடாது. பிறகு உறை போட்டுக் காற்றை உறிஞ்சி, ஆட்டோகிளேவ் என்ற அழுத்த அடுப்பில் வைத்து இறுகச் செய்கிறார்கள். வெந்தபின் பிழையைத் திருத்துவது அரிது. உயிர்ப்படலத்தில் காயம் படாமல் பட்டையைச் சீவிய பால்மரத் தொழிலாளியின் கைநுட்பம் போன்றதே இந்தக் கைநுட்பமும். இதற்குப் பயிற்சி வேண்டும், ஆனால் பெரும் மூலதனம் வேண்டாம். எஸ்.பி.எம். முடித்த பிள்ளை சில ஆண்டில் இதைக் கற்றுத் தேறலாம். விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் இன்னும் நீண்ட பாதை. ஆனால் அது கையில் இருந்தால் சிப்பாங்கிலும் வேலை உண்டு, சுபாங்கிலும் உண்டு, சிங்கப்பூரிலும் உண்டு.

இந்தோனேசிய நோயாளிகளை நம்பி மலாக்காவில் ஒரு மருத்துவத் தொழிலே வளர்ந்திருக்கிறது. மக்கோத்தா மருத்துவமனைக்கு சுமத்ராவிலிருந்து பெரும்பாலோர் ஃபெர்ரியில் வருகிறார்கள். சிறிய விமானங்கள் ஒழுங்காக வந்தால் பத்து பெரண்டாமுக்கு நிலையான பயணிகள் இவர்களே. பெரும் முனையத்தைவிட, நிற்காத சேவை ஒன்று போதும்.

நிலத்தைப் பற்றிய கேள்வி அப்போதும் நிற்கும். கெமுனிங், டைமண்ட் ஜூபிலி, காடேக், சுங்கை பாரு என்று தோட்டப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் மலாக்காவில் இன்னும் இருக்கின்றன. சுற்றிலும் செம்பனையில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். நம் குடும்பங்கள் தாமான்களுக்குப் போய்விட்டன, சில இன்னும் லயத்தில் இருக்கின்றன. தோட்ட நிலம் தொழிற்பேட்டையாக, கிடங்காக மாறப் போகும் நாளில், மாற்றத்துக்கு அனுமதி தரும் அதிகாரம் மாநில அரசின் கையில் இருக்கிறது. கனடாவில் மிராபெல் விமான நிலையத்துக்காக எடுத்த நிலத்தில் பெரும்பகுதியை 1985க்குப் பின் விவசாயிகளுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்க முடிந்ததற்குக் காரணம், அவர்கள் பெயரில் முன்பு பட்டா இருந்தது. தமிழ்நாட்டில் பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராட முடிந்ததற்கும் அடியில் இருப்பது அவர்களுடைய நில உரிமை. நமக்கு அந்தக் காகிதம் இல்லை. ஆகவே நில மாற்றத்துக்கான அனுமதியிலேயே நிபந்தனை எழுதப்பட வேண்டும்: அங்கே குடியிருக்கும் தொழிலாளர் குடும்பத்துக்குச் சொந்தப் பெயரில் தரைவீடு, பள்ளிக்கும் கோயிலுக்கும் தனிப் பட்டா, புதிய மண்டலத்தின் கடை, கிடங்கு இடங்களில் ஒரு பகுதி அந்த வட்டாரத்துச் சிறு வியாபாரிகளுக்கும் கூட்டுறவுகளுக்கும் குறைந்த குத்தகையில்.

கூட்டுறவு என்று சொல்வதில் புதுமை ஒன்றுமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். கூலிக்காரர் நிலத்துக்கு உடையவராக முடியும் என்று அது காட்டியது. அன்று அவர்கள் வாங்கியது தோட்டம். இன்று வாங்க வேண்டியது கிடங்கும் கடையும், ஃபார்வர்டிங் உரிமமும்.

மலாக்காவின் தமிழர் அமைப்புகளும் சட்டமன்ற உறுப்பினர்களும், இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ராவும் இதைக் கையில் எடுக்க வேண்டும். பத்து பெரண்டாம் பற்றிய அடுத்த திட்டம் மாநில அரசின் மேசைக்கு வரும்போது, ஓடுபாதையின் நீளத்தைக் கேட்கும் முன், சுற்றியுள்ள நிலத்தின் குத்தகைப் பட்டியலைக் கேளுங்கள். அதில் நம் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதும்வரை விடாதீர்கள்.